ஓட்டம் முடிகிற இடத்தில் ஒரு மண்வெட்டி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கொரிந்து நகர மக்களுக்கு மடல் எழுதியபோது, பந்தயத் திடலில் ஓடுகிறவர்களை உவமையாக எடுத்துக்கொண்டார் திருத்தூதர் பவுல். வாடிப்போகும் ஒரு வாகைக்காக அவர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அவர் சொன்னது அந்த மக்களுக்கு உடனே புரிந்திருக்கும். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்துவந்தன. அங்கே வென்றவருக்குத் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. பைன் மரத் தழையாலோ செலரிக் கீரையாலோ கட்டிய ஒரு மாலை, அவ்வளவுதான். சில நாளில் அது சருகாகிவிடும்.

இன்று நாம் பேசப்போகிற ஓட்டக்காரர்களுக்கு அந்தத் தழைமாலையும் கிடையாது. அவர்கள் ஓடிப்போய்ச் சேருகிற இடத்தில் கையுறையும், மண்வெட்டியும், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் காத்திருக்கின்றன. தழையைத் தலையில் சூடுவதற்குப் பதிலாகச் சாக்கில் அள்ளிப்போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

பிரிட்டன் நாட்டு நகரங்கள் பலவற்றில் இப்படி ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. அலுவலகம் முடிந்த மாலையில் இருபது, முப்பது பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஆசிரியர், செவிலியர், கணினி வேலை பார்ப்பவர், கல்லூரி மாணவர் என்று பலரும் வருவார்கள். எல்லாரும் சேர்ந்து சில கிலோமீட்டர் ஓடுவார்கள். வழியில் நின்று, அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஊருக்குப் பொதுவான ஏதாவது ஒரு வேலையைச் செய்வார்கள். புதர் மண்டிய பொதுத் தோட்டத்தைச் சீர்படுத்துவது, பூங்காப் பாதையில் மரச்சில்லு பரப்புவது, மட்கு உரத்தைக் கிளறிவிடுவது, குப்பை பொறுக்குவது என்று வாரத்துக்கு ஒரு வேலை. முடிந்ததும் கைகளைக் கழுவிக்கொண்டு, வந்த வழியே ஓடித் திரும்புவார்கள்.

இத்தகைய குழுக்களில் நன்கு அறியப்பட்டது 'குட்ஜிம்' என்ற அறப்பணி அமைப்பு. ஐவோ கோர்ம்லி என்பவர் 2009-இல் கிழக்கு லண்டனில் இதைத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடங்களில் செலவாகும் மனித ஆற்றல் வீணாகிறதே என்பது அவருடைய ஆதங்கம். நாமும் யோசித்துப் பார்க்கலாம். இரும்புக் குண்டைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே திரும்ப வைக்கிறோம். சுழலும் பட்டையின்மேல் அரை மணி நேரம் ஓடிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்குகிறோம். அதற்குக் கட்டணமும் கட்டுகிறோம். கோர்ம்லியோ தமக்குத் தெரிந்த ஒரு முதியவருக்கு நாளிதழ் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். போய்ச்சேரும் இடத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால், மழை வருகிறது, குளிராக இருக்கிறது என்று வீட்டில் படுத்துக்கொள்ள மனம் வராது, இல்லையா? அந்தச் சிறிய பழக்கத்திலிருந்துதான் இந்த அமைப்பு பிறந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனிமையில் வாழும் முதியவர்களைப் பார்ப்பதற்காக வாரம் ஒருமுறை ஓடுகிற உறுப்பினர்கள், அந்த முதியவரைத் தங்கள் 'பயிற்சியாளர்' என்று அழைக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள், உதவி பெறுபவர் என்று சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழ முடியாத ஒரு பாட்டி, முப்பது வயது இளைஞனுக்குப் பயிற்சியாளர்! 'வாப்பா, போன வாரம் ஏன் வரவில்லை?' என்று ஒருவர் கேட்பார் என்பதனால்தான் அவன் ஓடுகிறான். அப்படியானால் பயிற்சி தருவது யார் என்ற கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இப்படி வீடுகளுக்குச் செல்வோரின் பின்னணியை முன்கூட்டியே முறையாகச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட முடியாதவர்கள் நடந்தோ மிதிவண்டியிலோ வந்தும் வேலைகளில் சேரலாம்.

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். சுவீடன் நாட்டில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016-இல் அதை ஓர் இயக்கமாக்கினார். பொறுக்குதல் என்பதற்கும் மெதுவாக ஓடுதல் என்பதற்கும் சுவீடிய மொழியில் உள்ள சொற்களை ஒட்டவைத்து 'ப்ளாகிங்' என்று பெயரும் வைத்தார்கள். 2019-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளில் இந்திய அரசும் நாடு முழுவதும் இப்படி ஓர் ஓட்டத்தை நடத்தியது. நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு தோட்டத்தைச் சீர்படுத்துவது இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. நெகிழிப் புட்டியை எடுத்துவிட்டால் அது போய்விட்டது. களையைப் பிடுங்கினால் அது போய்விட்டது என்று சொல்ல முடியாது. எதைப் பிடுங்குவது, எப்போது பிடுங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

அந்த நாட்டுப் பொதுத் தோட்டங்களில் அடிக்கடி வெட்டப்படும் ஒரு செடியைப் பார்ப்போம். பிராம்பிள் என்ற முட்கொடி. பிளாக்பெர்ரி என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தக் கரும்பழம் இதில்தான் காய்க்கிறது. பழம் இனிப்பு, கொடியோ முரடு. அதன் தண்டு வில்லைப்போல் வளைந்து வளரும். நுனி தரையைத் தொட்டதும் அந்த இடத்திலேயே வேர்விட்டு, அடுத்த செடியாகிவிடும். இப்படிப் பாய்ந்து பாய்ந்து சில ஆண்டுகளில் ஒரு திடலையே மூடிவிடும். மேலே வெட்டினால் போதாது. மண்ணுக்கடியில் உள்ள வேர்முண்டைத் தோண்டி எடுக்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் முதுகு ஒடிந்துவிடும்.

இன்னொன்று பைண்ட்வீட் என்ற கொடி. வெள்ளைவெளேரென்று புனல்போலப் பூக்கும். நம் சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் செடிகளைச் சுற்றிக்கொண்டு கழுத்தை நெரிக்கும். இதன் வேர் வெள்ளையாக, தொட்டால் ஒடிகிறதாக இருக்கும். ஒடிந்த சிறு துண்டு மண்ணில் கிடந்தாலும் அது தளிர்த்துவிடும். ஆகவே அவசரக்காரர் ஒருவர் மண்வெட்டியால் கொத்திவிட்டால் ஒரு கொடி பத்துக் கொடியாகும்! பொறுமையாக மண்ணைத் தளர்த்தி, வேரை முழுதாக உருவி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, நமக்கும் உறவுடைய ஒன்று. இமயமலைப் பகுதியிலிருந்து 1839-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு காசித்தும்பை வகை. நம் வீட்டு வாசலில் காசித்தும்பையின் முற்றிய காயை விரலால் தொட்டு வெடிக்கவைத்து விளையாடாத பிள்ளைகள் உண்டா? அதே குணம் இதற்கும் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் இச்செடி, காய் வெடிக்கும்போது விதைகளை ஏழு மீட்டர் தூரம்வரைகூட எறியும். ஒரு செடியில் எண்ணூறு விதைவரை உண்டாகும். அழகுக்காகத் தோட்டத்தில் வளர்த்தது வேலி தாண்டி ஓடைக் கரைகளில் இறங்கிவிட்டது. மற்றச் செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் மூடிக்கொள்கிறது. குளிர்காலத்தில் தானும் செத்துவிடுகிறது. அப்போது கரையில் மண்ணைப் பிடித்துவைக்க எந்த வேரும் மிஞ்சாது. வெள்ளம் வந்தால் மண் கரைந்து போய்விடும். நல்ல வேளையாக இதன் வேர் ஆழமாகப் போவதில்லை. சிறு பிள்ளைகூடப் பிடுங்கிவிடலாம். காய் முற்றுவதற்குமுன் பிடுங்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அங்கே அது ஜூன், ஜூலை மாத வேலை.

முட்கொடிக்கோ காலம் வேறு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் புதருக்குள் கூடு கட்டியிருக்கும். குஞ்சும் முட்டையும் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது, 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தின்படி அங்கே குற்றம். எனவே பெரும்புதர்களை வெட்டுவதை இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஒதுக்கிவைக்கிறார்கள். ஆனால் டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும்! அலுவலகம் விட்டு வருகிறவர்களுக்குப் பகல் வெளிச்சம் எங்கே கிடைக்கும்? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாயிலிருந்து புகைபோல மூச்சு எழ, இருட்டில் முள்வெட்டுகிறார்கள். ஓடிவந்த சூடு உடம்பில் இருப்பதால் குளிர் உறைப்பதில்லை. முதலில் ஓட்டம், பிறகு வேலை என்ற வரிசைக்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

முப்பது பேர் முக்கால் மணி நேரம் உழைத்தால் எவ்வளவு ஆகும்? கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டரை மணி நேரம். தோட்டத்தைக் கவனிக்கும் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் உழைத்தால், அதைச் செய்து முடிக்க அவருக்குப் பதினொரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் முதல் நாள் வெட்டியது தளிர்க்கத் தொடங்கியிருக்கும். ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் நகரும் என்பது இதற்குப் பொருந்தும். ஆனால் தேர்த்திருவிழா அன்று வடம் பிடிக்கிறவர்கள் எத்தனை ஆயிரம் பேராக இருந்தாலும், அதற்கு முன்பே சக்கரத்தைப் பார்த்து, முட்டுக்கட்டையைத் தயாராக வைத்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

ஓட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே தோட்டத்துக்காரர் கருவிகளை எண்ணி எடுத்துவைக்க வேண்டும். எதை வெட்டலாம் என்று துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். ஏனென்றால் பழக்கமில்லாத கண்ணுக்குக் களையும், நேற்று நட்ட கன்றும் ஒன்றுதான். அதுவும் இருட்டில்! வெட்டியதை எங்கே குவிப்பது, யார் எடுத்துப்போவது என்பதையும் முடிவுசெய்திருக்க வேண்டும். இந்த முன்வேலை இல்லையென்றால் முப்பது பேர் வந்து மிதித்துவிட்டுப் போனதுதான் மிச்சமாகும்.

அந்தத் தோட்டத்துக்காரர் யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்லர். பிரிட்டனில் பல பூங்காக்களுக்குப் 'பூங்காவின் நண்பர்கள்' என்ற பெயரில் ஒரு சிறு குழு உண்டு. பணி ஓய்வு பெற்றவர்கள்தாம் அதில் அதிகம். சாவி அவர்களிடம் இருக்கும். குழாய் உடைந்தால் அலுவலகத்துக்கு எழுதுவதும் அவர்கள்தாம். வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தைப் பிடிவாதமாகக் காத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். என் எண்ணத்தில், ஓட்டக்காரர்கள் அங்கே கொண்டுவருகிற பெரிய உதவி கைவலிமை அல்ல. 'இந்த இடம் உங்கள் தலைமேல் மட்டும் இல்லை' என்று அந்த நாலு பேருக்குச் சொல்லாமல் சொல்வதே பெரிய உதவி. களைத்துப்போன ஒரு காவலர் 'இனி என்னால் ஆகாது' என்று சாவியைக் கொடுத்துவிட்டால், அதோடு அந்தத் தோட்டமும் முடிந்துபோகும்.

இந்தப் பசுமை இடங்கள் எப்படி உருவாயின என்று பார்த்தால் இதன் அருமை இன்னும் நன்றாக விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் புகைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகளுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று பலர் போராடினார்கள். கிழக்கு லண்டனில் முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு விக்டோரியா அரசியிடம் போனது. 1845-இல் அங்கே விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. 1847-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பொதுப் பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா திறக்கப்பட்டது. ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்த ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி, ஒற்றை அறையில் முடங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்கு வானத்தின்கீழ் ஒரு கூடமாவது வேண்டும் என்று வாதாடினார். 1887-இல் லண்டனின் சவுத்வர்க் பகுதியில் அவர் அமைத்த செஞ்சிலுவைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. இடையில் பாழ்பட்டுப்போய், இந்த நூற்றாண்டில் மீண்டும் சீர்படுத்தப்பட்டது.

லண்டனின் சின்னஞ்சிறு பசுமை இடங்களில் பல, பழைய ஆலய வளாகத்துக் கல்லறைகள். நகருக்குள் புதைக்க இடமில்லாமல் போனதால் அவை மூடப்பட்டன. அந்த நிலங்களில் கட்டடம் கட்டக் கூடாது என்று 1884-இல் சட்டம் வந்தது. அதனால் அவை ஊரார் வந்து அமரும் தோட்டங்களாயின. 'குட்ஜிம்' தொடங்கிய கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் உண்டு. 1841-இல் திறந்து 1966-இல் மூடப்பட்டது. சுமார் மூன்றரை லட்சம் பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தனிக் குழிக்குப் பணமில்லாமல் பொதுக் குழியில் அடக்கமான ஏழைகள் அதில் ஏராளம். இப்போது அது மரங்களும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்த இயற்கைப் பூங்கா. அதை 1990 முதல் காத்துவருவதும் ஒரு 'நண்பர்கள்' குழுதான்.

கல்லறைத் தோட்டம் என்ற சொல் நமக்குப் புதிதா? ஆங்கிலத்தில் இல்லாத அழகு நம் சொல்லில் இருக்கிறது. இறந்தவர்களை அடக்கம் செய்யும் இடத்தைத் தோட்டம் என்றே அழைக்கிறோம். யோவான் நற்செய்தியிலும் ஆண்டவரை அடக்கம் செய்த இடம் ஒரு தோட்டம். உயிர்ப்பு நாள் காலையில் அந்தத் தோட்டத்தைச் சுற்றி எத்தனை ஓட்டம்! மகதலா மரியா சீடர்களிடம் ஓடுகிறார். பேதுருவும் மற்றச் சீடரும் கல்லறைக்கு ஓடுகிறார்கள். பிறகு மரியா தம் எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்துக்கொள்கிறார்.

இப்படிப் போராடிப் பெற்ற இடங்களுக்கு இன்று என்ன சிக்கல்? பணம்தான். முதியோர் பராமரிப்பு, ஆதரவற்ற குழந்தைகள் பாதுகாப்பு முதலியவற்றை உள்ளாட்சி மன்றங்கள் செய்தே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இருக்கிறது. பூங்காவைப் பராமரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகையால் நிதி குறையும்போது முதலில் கை வைக்கப்படுவது பூங்காவுக்கான பணத்தில். 2010-க்குப் பிறகு அரசு செலவுகளைக் குறைத்தபோது இதுதான் நடந்தது. பூங்காக்கள் மோசமான நிலைக்குச் சரியும் கட்டத்தில் நிற்கின்றன என்று 2017-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று எச்சரித்தது.

இதன் நடுவில் ஓட்டக்காரர்களைப் பற்றியே ஒரு வழக்கு எழுந்தது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேருடன் தொடங்கிய 'பார்க்ரன்' என்ற இலவச ஓட்டம், சனிக்கிழமைதோறும் பல நாடுகளில் நடக்கும் அளவுக்கு வளர்ந்தது. பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் கிஃபோர்டு ஊரில், வாரந்தோறும் சில நூறு பேர் ஓடிப் பூங்காவின் பாதை தேய்கிறது, ஆகவே செலவில் பங்கு தர வேண்டும் என்று அவ்வூர்ப் 'பாரிஷ் கவுன்சில்' 2016-இல் தீர்மானித்தது. (பெயரைக் கேட்டு நம் பங்குப் பேரவை என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் ஊராட்சி மன்றம் போன்றது. பழைய காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.) எல்லாருக்கும் எப்போதும் இலவசம் என்பதே எங்கள் கொள்கை என்று ஓட்டக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். முடிவில் அந்தப் பூங்காவில் ஓட்டமே நின்றுபோனது.

யார் பக்கம் நியாயம்? பொது இடத்தில் ஓடக் கட்டணம் என்றால், நாளை நடக்கவும் கட்டணம் வருமே என்பது ஒரு நியாயம். தேய்ந்த பாதையைச் சரிசெய்ய அந்தச் சிறிய ஊர் மட்டும் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதும் நியாயம். பொதுச் சொத்து என்றால் எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதை நாம் விரைவில் கற்றுக்கொள்கிறோம். தேய்மானம் யார் கணக்கில் என்ற கேள்வியை மட்டும் தள்ளிவைக்கிறோம். ஓடிப்போய் மண்வெட்டியை எடுக்கும் குழுக்கள் அந்தக் கேள்விக்குப் பணத்தால் அல்ல, வியர்வையால் பதில் சொல்கின்றன. அதனால் வழக்கு தீர்ந்துவிடாது. ஆனால் பேச்சு நல்ல முறையில் தொடங்கும்.

இன்னொரு கேள்வியையும் நாம் மறைக்கக் கூடாது. இலவசமாக உழைக்க ஆள் கிடைத்தால், சம்பளத்துக்கு வேலை செய்த தோட்டக்காரரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிடாதா? இது வெறும் கற்பனை அச்சம் அன்று. உழைப்பவருக்குக் கூலி உரியது என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆகவே நான் இப்படித்தான் பார்க்கிறேன். மரம் வெட்டுதல், பாதை போடுதல், குழாய், மின்விளக்கு, கழிப்பறை ஆகியவை நிர்வாகத்தின் கடமை. பயிற்சி பெற்ற தோட்டக்காரரின் இடத்தை மாலையில் வந்துபோகும் குழு நிரப்ப முடியாது. நிரப்ப முயலவும் கூடாது. ஒரு தோட்டக்காரர் பத்து இடங்களைப் பார்க்கும்போது அவரால் தொட முடியாமல் போகும் மூலைகளில் கைகொடுப்பது வேறு, அவருடைய வேலையைப் பறிப்பது வேறு. தோட்டத்தில் கைவைத்து உழைத்தவர்களுக்கு, 'எங்கள் பூங்காவுக்கான பணம் எங்கே?' என்று மன்றத்தில் எழுந்து கேட்கும் துணிவும் வரும். ஒருமுறைகூட அங்கே குனியாதவருக்கு அந்தக் கேள்வி தோன்றாமலே போகலாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் 232-ஆம் பத்தி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. எல்லாரும் நேரடி அரசியலில் ஈடுபட அழைக்கப்படவில்லை என்கிறார் அவர். ஆனால் ஒரு கட்டடம், ஒரு நீரூற்று, கைவிடப்பட்ட ஒரு நினைவுச்சின்னம், ஒரு நிலக்காட்சி, ஒரு சதுக்கம் என்று பொதுவான ஓர் இடத்தின்மேல் அக்கறைகொண்டு, அதை எல்லாருக்கும் உரியதாகக் காத்து அழகுபடுத்தும் குழுக்களை அவர் தனியாகக் குறிப்பிடுகிறார். அந்த வேலையைச் சுற்றி மனிதர்களுக்கிடையே உறவு முளைக்கிறது அல்லது விட்டுப்போன உறவு மீள்கிறது என்பது அவருடைய கருத்து. உலக வெப்பமயமாதல் வரை பேசுகிற ஒரு மடலில், தெருமுனைச் சதுக்கத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். முள்வெட்டும்போது பக்கத்தில் நிற்பவர் மேலாளரா, வேலை தேடுகிறவரா என்று நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தெரியாது. கொடியின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, நம் ஊர்களில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருவதற்கு முந்தைய வாரத்தில் கல்லறைத் தோட்டங்களில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. குடும்பம் குடும்பமாக வந்து புல்லைச் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவோம். நம் அப்பாவின் கல்லறை பளிச்சென்று இருக்கும். இரண்டு அடி தள்றி, பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட ஒருவரின் கல்லறை செடிக்குள் மறைந்திருக்கும். நடைபாதையும், பின்பக்கச் சுவர் ஓரமும் யாருடைய குடும்பத்துக்கும் உரியவை அல்ல என்பதால் அப்படியே கிடக்கும். நம் பங்குகளிலும் காலையில் நடைப்பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் போகிற இளைஞர்களும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுடைய பாதை கல்லறைத் தோட்டத்து வாசலில் முடியலாம்.

அப்படி முன்வருகிறவர்களுக்குச் சில செய்திகள். நம் கல்லறைத் தோட்டங்களிலும் புறம்போக்கிலும் பரவிக் கிடக்கும் வெள்ளைப் பூப் பார்த்தீனியம், அந்த நாட்டுக் காசித்தும்பையைப்போல வெளியிலிருந்து வந்ததுதான். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதைத் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லையும் தரும். ஆகவே கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கை மூடிக்கொண்டு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்ட செடியை உதறாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். புதருக்குள் கைவிடுமுன் நீண்ட கழியால் தட்டிப் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் பாம்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் போய்க் கேளுங்கள். எந்த மூலையில் யார் அடக்கம், எந்தச் செடி யார் நட்டது, எது தானாக முளைத்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.